ரட்ஜ் வண்டியைப் பிரித்த கைகள்: ஜி.டி.நாயுடு கற்ற பிஸ்டன் பாடம்

ஜார்ஜ்டவுன்: காலையில் பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெரி, வெல்ட் கீ துறையை அடைந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகக் கரையேறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கப்சாய் என்று நாம் அழைக்கும் சிறு வண்டிகள். தொழிற்சாலைக்குப் போகிறவர், லிட்டில் இந்தியாவில் கடை திறக்கப் போகிறவர், பாதுகாவலர் வேலைக்குப் போகிறவர் என எல்லாருடைய அன்றைய பிழைப்பும் உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டை நம்பித்தான் தொடங்குகிறது. அந்தத் துண்டின் பெயர் பிஸ்டன்.

நம் நாட்டில் பட்டிதொட்டியெங்கும் ஓடும் இ.எக்ஸ்.5 வண்டியின் பிஸ்டன் வெறும் 50 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது அது ஒரே வினாடியில் 100 முறை மேலேறி 100 முறை கீழிறங்குகிறது. அதைச் சூழ்ந்து நிற்கும் இரும்புக் குழலைப் பட்டறைகளில் பிளாக் என்பார்கள். புத்தகத்தில் சிலிண்டர் அல்லது பேரல் என்று இருக்கும். பெயர் எதுவானாலும் ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு வேலையில்லை.

இந்தப் பிஸ்டனையும் குழலையும் எந்த வகுப்பறையிலும் உட்காராமல் கையால் பிரித்துப் பார்த்துக் கற்றவர் ஒரு தமிழக விவசாயி மகன். பின்னாளில் பேருந்து நிறுவனம் நடத்தினார், மின்மோட்டார் செய்தார், தாம் படிக்காத பொறியியல் கல்வி பிறர் பிள்ளைகளுக்குக் கிடைக்கக் கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். கோயம்புத்தூரின் அந்த மேதைதான் ஜி.டி.நாயுடு. கடந்த 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்ட, 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய வாழ்க்கையை நம் தோட்டப்புற, நகர்ப்புறப் பிள்ளைகள் தெரிந்துகொள்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது.

களங்கல் கிராமத்துப் பிள்ளை

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள், கோயம்புத்தூர் மாவட்டம் சூலூருக்கு அருகிலுள்ள களங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பிறந்த சில காலத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கப் பள்ளிப் படிப்பையே முழுதாகத் தாண்டவில்லை. அடங்காத பிள்ளை என்று ஊரில் பெயர் எடுத்தார். இன்று நம் குடும்பங்களில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் உறவினர்கள் என்ன பேசுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாலிப வயதில் ஒருநாள் அவர் வாழ்க்கை திசை மாறியது. லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி அந்தப் பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே பார்த்துப் பழகிய கிராமத்தில், இழுக்க மாடு இல்லாமல் ஒரு வண்டி ஓடி வந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். துரைசாமிக்கு மட்டும் அந்த வண்டி மனதைவிட்டுப் போகவில்லை. எது அதைத் தள்ளுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை.

வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதைச் சொந்தமாக வாங்க வேண்டும். வாங்கப் பணம் இல்லை. ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார். ஓர் உணவகத்தில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, எச்சில் மேசை துடைத்துச் சம்பாதித்த காசை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும், தேடிப்போய் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ரட்ஜ் விட்வொர்த் நிறுவனம் செய்த 1912ஆம் ஆண்டு வண்டி அது.

ஆசைப்பட்டு வாங்கிய வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டுவதோடு அவர் நிற்கவில்லை. அதைக் கழற்றினார். ஒவ்வொரு திருகாணியாக, ஒவ்வொரு பாகமாகப் பிரித்து வைத்தார். பிறகு பிரித்த வரிசையிலேயே மீண்டும் பூட்டினார். அந்தக் காலத்தில் அங்கே சொல்லிக் கொடுக்க ஆசிரியரும் இல்லை, தமிழில் கையேடும் இல்லை. பிரித்துப் பூட்டியதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

பிரித்தபோது என்ன தெரிந்திருக்கும்?

ரட்ஜ் வண்டிக்கு ஒற்றை சிலிண்டர். அதன் உள்வாய் 85 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 88 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் கொள்ளளவு 499 சிசி. நம் கப்சாயைவிட ஐந்து மடங்கு பெரியது.

இந்தக் குழலுக்குள் நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. பிஸ்டன் கீழிறங்கும்போது பெட்ரோல் ஆவி கலந்த காற்று உள்ளே வருகிறது. மேலேறும்போது அந்தக் காற்று அழுத்தப்படுகிறது. உச்சிக்கு வரும் நேரத்தில் தீப்பொறி பாய்கிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடியும் மேலேறும்போது எரிந்த புகை வெளியேறுகிறது. நான்கு நடைகளில் ஒரே ஒரு நடைதான் வண்டிக்கு வலு கொடுக்கிறது. மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்காக நடக்கும் ஏற்பாடுகள். மேலும் கீழுமாகப் போகும் இந்த அசைவைக் கனெக்டிங் ராடும் கிராங்க் தண்டும் சுழற்சியாக மாற்றி சக்கரத்துக்கு அனுப்புகின்றன.

கேட்பதற்கு எளிது. சிக்கல் இருப்பது பிஸ்டனுக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். பிஸ்டன் குழலை இறுக்கிப் பிடித்தால் சூட்டில் விரிந்து ஒட்டிக்கொள்ளும். ஓடும் வண்டி திடீரென்று நின்றுவிடும். இதைத்தான் ஜாம் ஆகிவிட்டது என்கிறோம். தளர்வாக இருந்தால் எரிந்த வாயு பக்கவாட்டில் நழுவிக் கீழே போய்விடும், வலு குறையும். கீழிருக்கும் எண்ணெய் மேலேறி எரிந்து, புகைக்குழாயில் நீலப் புகை வரும். இன்றைய சிறு வண்டிகளில் புதிதாகப் பூட்டும்போது இந்த இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மட்டுமே. மனிதத் தலைமுடியைவிட மெல்லியது.

அவ்வளவு சிறிய இடைவெளியைக்கூட வாயு தாண்டிவிடும் என்பதால் பிஸ்டனைச் சுற்றி ரிங் எனப்படும் வளையங்கள் போடப்படுகின்றன. அவை முழு வட்டமல்ல. ஓர் இடத்தில் வெட்டுவிட்டவை. அதனால் சுருங்கி விரியும் தன்மை அவற்றுக்கு உண்டு. வில்போல் விரிந்து குழலின் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சூட்டில் நீளும்போது அந்த வெட்டு இடம் கொடுக்கிறது. வளையத்துக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம். உலோகம் உலோகத்தை நேரடியாகத் தொடாமல் காப்பது அந்தப் படலம்தான். எஞ்சின் ஆயிலை மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் அழிப்பது இதைத்தான்.

ரட்ஜ் காலத்து வண்டிகளில் எண்ணெயைச் சுற்றிச் சுற்றி அனுப்பும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஓட்டுபவரே அவ்வப்போது ஒரு சிறு கைப் பம்பை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் விட வேண்டும். அந்தக் கைப் பம்பும் ஒரு பிஸ்டன், ஒரு குழல் என்ற அதே அமைப்புதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு, மருத்துவர் கையிலுள்ள ஊசிக் குழல், கிணற்றடிக் கைப்பம்பு எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒன்றில் கை தள்ளுகிறது. மற்றொன்றில் நெருப்பு தள்ளுகிறது.

இந்த அளவுகளைக் கண்ணால் மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. எண்ணெய் தடவிய பிஸ்டன் குழலுக்குள் எப்படி வழுக்கி இறங்குகிறது, எங்கே தடுக்கிறது, எங்கே ஆடுகிறது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். பள்ளியில் உட்கார மறுத்த பிள்ளைக்கு அந்த விரலறிவு கிடைத்தது. வண்டியைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஆனார்.

விழுந்து எழுந்தவர்

மெக்கானிக் வேலையிலிருந்து நேராகப் பெரிய முதலாளி ஆகிவிட்டார் என்று கதையைச் சுருக்கிவிடக் கூடாது. நடுவில் ஒரு பெரிய சறுக்கல் இருந்தது. பருத்தி நன்றாக விற்ற காலத்தில் திருப்பூரில் பருத்தி ஆலைத் தொழிலில் இறங்கிப் பணம் பார்த்தார். அந்தத் துணிவில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பருத்தி வியாபாரம் செய்தார். கைப்பணம் கரைந்தது. வெறுங்கையோடு கோயம்புத்தூர் திரும்பினார்.

அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் தொழில் முன்னோடிகளில் ஒருவரான சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். நாயுடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய திறமையையும் உழைப்பையும் கண்ட ஸ்டேன்ஸ், சொந்தமாகப் பேருந்து வாங்கப் பணம் கொடுத்து உதவினார். பணத்தை இழந்த மனிதரிடம் கைத்தொழில் மட்டும் இழக்காமல் இருந்தது. கடன் கொடுத்தவர் நம்பியதும் அதைத்தான்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றைப் பேருந்து ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் நாயுடுவேதான். பழனி முருகன் கோயிலுக்குப் போகும் பக்தர்களும் சந்தைக்குப் போகும் வியாபாரிகளும் ஏறினார்கள். அந்த ஒன்றிலிருந்து வளர்ந்ததுதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தில் கொங்கு நாடு முழுவதும் அறியப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நாட்டின் மிகச் சிறந்த பேருந்து நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் பெற்றது.

ஒரு பேருந்து நிறுவனத்தின் லாபமும் நட்டமும் பட்டறையில்தான் முடிவாகிறது. குழல் தேய்ந்த எஞ்சின் அதிகப் பெட்ரோல் குடிக்கும், அதிக எண்ணெய் எரிக்கும், ஏற்றத்தில் திணறும். தேய்ந்த குழலை உள்ளே சீராகக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். நம் பட்டறைகளில் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றுவது என்று சொல்வது இதுதான். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகவே பெரிதாக்க முடியும். அளவு தவறினால் புதிய பிஸ்டனும் வீண், குழலும் வீண். பழைய பிஸ்டனைப் புதிதாகக் கடைந்த குழலில் போட்டு ஒப்பேற்றவும் முடியாது.

பின்னாளில் பேருந்துகளுக்கு வந்த டீசல் எஞ்சினில் இந்தக் கண்டிப்பு இன்னும் அதிகம். டீசலை அழுத்திப் பீய்ச்சும் பம்புக்குள் பிளஞ்சர் என்ற தண்டும் பேரல் என்ற குழலும் ஒன்றோடொன்று உராய்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. அவற்றின் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதில் வளையம் கிடையாது, பொருத்தமே அடைப்பு. ஒரு ஜோடியின் தண்டை இன்னொரு ஜோடியின் குழலில் மாற்றிப் போடக்கூடாது. மாற்றினால் இரண்டையும் ஒன்றாகத்தான் புதிதாக வாங்க வேண்டும். இதைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்தால்தான் பேருந்து நேரத்துக்குப் புறப்படும்.

கடலுக்கு இந்தப் பக்கம்

நாயுடு பொள்ளாச்சியில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் தமிழகத்துத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும். அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. வந்தவர்கள் செபராங் பிறையிலும் கெடாவிலும் பேராக்கிலும் பால்மரம் வெட்டினார்கள். அவர்கள் வடித்த பால் ரப்பர்த் தகடாகிப் பினாங்குத் துறைமுகத்தின் வழியாக உலகெங்கும் போய் டயர் ஆனது. பிஸ்டன் தள்ளும் வண்டிகள் உருள்வதற்கு மலாயாவின் ரப்பர் தேவைப்பட்டது.

வண்டியின் சக்கரத்துக்கு உழைத்த நம் முன்னோர்களில் பலருக்கு வண்டியின் எஞ்சினைத் தொடும் வாய்ப்பு கிடைக்கவில்லை. தோட்டத்து ஆலையிலும் லாரி ஷெட்டிலும் கையாளாக நுழைந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே தொழில் பிடித்தவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் சான்றிதழ் இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் காது இருந்தது. நாயுடுவின் கதை அவர்களுக்கு அந்நியமானது அல்ல.

பீளமேட்டில் பிறந்த மோட்டார்

1930களில் கோயம்புத்தூரின் முகம் மாறியது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த விவசாயிகள் இயந்திரத்தை நாடினார்கள். மின்மோட்டாரோ வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. 1937இல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்திலிருந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் வெளிவந்தது. இதில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் டி.பாலசுந்தரம். அவர் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கினார். கோவை இன்று பம்புசெட்டுக்குப் பெயர் பெற்ற நகரமாக விளங்குவதில் அந்த முதல் மோட்டாருக்குப் பங்குண்டு.

அவர் கை தொடாத பொருள் குறைவு. உலர் மின்கலத்தில் ஓடும் ரசான்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் எனப் பட்டியல் நீள்கிறது. 1941இல் ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். விவசாயத்தையும் விடவில்லை. பத்தடி உயரம் வளரும் பருத்திச் செடியை வளர்த்துக் காட்டினார்.

உலகம் சுற்றிப் பார்த்தவர் அவர். போன இடமெல்லாம் கேமராவோடு போனார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை லண்டனில் தாமே படம் பிடித்தார். ஜெர்மனியின் தொழிற்சாலைகளை நேரில் கண்டார். ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் வண்டியை ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர், அந்த வண்டிகள் பிறக்கும் நாடுகளுக்கே போய் அவற்றின் செய்முறையைப் பார்த்துத் திரும்பினார்.

கதவு திறக்காத இடங்கள்

வெற்றிகளை மட்டும் சொன்னால் அவருடைய வாழ்க்கையைச் சொன்னதாகாது. அரசியலில் இறங்கித் தேர்தலில் நின்றார், தோற்றார். 1952இல் இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பமும் கனவு காணக்கூடிய தொகை அது. எந்தப் பெரிய தொழிலுக்கும் அரசாங்கத்தின் உரிமம் வேண்டும் என்றிருந்த காலம். உரிமம் கிடைக்கவில்லை. கார் திட்டம் அதோடு நின்றது. பிஸ்டனும் குழலும் பொருந்தின. அரசாங்கமும் அவரும் பொருந்தவில்லை.

சினம் கொண்ட மனிதரும்கூட. அதிக வரி விதிப்பைக் கண்டித்து, தாம் உருவாக்கிய பொருள்களையே மக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். பல ஆண்டு உழைப்பை ஒரு சம்மட்டி அடியில் சிதறவிட்டது சரியா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. உடைத்த பொருள் யாருக்கும் பயன்படாமல் போனது உண்மை. ஒரு கண்டுபிடிப்பாளர் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டார் என்பதும் உண்மை. அந்தக் கார் தெருவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம் கோவைக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது.

பள்ளியை வெறுத்தவர் கொடுத்த கல்லூரி

1944இல் நாயுடு தம் மோட்டார் தொழில்களின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தம் தொழிலாளர்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் நலத் திட்டங்களை அறிவித்தார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் அடுத்த ஆண்டில் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. கல்லூரியின் முதல்வராகவும் நாயுடு இருந்தார்.

அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. நான்கு ஆண்டு நீளும் பொறியியல் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்பது அவர் கருத்து. மாணவனை இயந்திரத்தின் முன் நிறுத்தி வேலை செய்யவிட்டால் காலம் மிச்சமாகும் என்று நம்பினார். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அவர் பதவியைவிட்டு விலகினார். கல்லூரி மட்டும் நிலைத்தது. பிறகு தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்குகிறது. பழைய இடத்துக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பீளமேட்டில் அந்தப் பெயரில் இன்றும் பேருந்து நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாயுடு பள்ளிக்குப் போகாமல் ஜெயித்தார், ஆகவே படிப்பு தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. படிப்பு தேவையில்லை என்று நினைத்திருந்தால் கல்லூரிக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டார். கைவேலை தெரியாத படிப்பையும், கணக்குத் தெரியாத கைவேலையையும் அவர் ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி ஓட வேண்டும் என்று விரும்பினார்.

1967இல் தொழிலாளர் நலனுக்காக அவர் தொடங்கிய சங்கம் கோவையில் தொழிற்காட்சியை நடத்தி வருகிறது. 1974 ஜனவரி 4ஆம் நாள், தமது 80ஆம் வயதில் ஜி.டி.நாயுடு காலமானார். சர்வர் வேலை பார்த்து வாங்கிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள், கோவையில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பினாங்குப் பட்டறைகளுக்கு ஒரு செய்தி

பாயான் லெப்பாசில் 1972இல் தொழிற்பேட்டை வந்த பிறகு பினாங்கின் பிழைப்பு மாறியது. 1989இல் அரசாங்கமும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் சேர்ந்து அங்கே பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சாலைக்கு என்ன தேவையோ அதை இயந்திரத்தின் முன் நிறுத்திக் கற்பிப்பது அதன் வழி. நாயுடு கோவையில் வாதாடியதும் ஏறக்குறைய இதற்காகத்தான்.

இருந்தும், கைத்தொழில் படிப்பு என்றாலே தேர்வில் தேறாத பிள்ளைக்குரியது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் மெக்கானிக் ஆக விரும்பும் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறான். நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரலால் உணர்வது தாழ்ந்த வேலை என்று யார் சொன்னார்கள்?

ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பட்டறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் ஒரு தாளும் கையில் இல்லாததால் நல்ல சம்பள வேலைக்கு மனுப்போட முடியாமல் இருப்பவர்கள் நம்மிடையே பலர். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. பெ.பெ.தெ. என்று மலாய்ச் சுருக்கத்தில் அழைக்கப்படும் முறை அது. மீண்டும் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். அவற்றை மதிப்பீட்டாளர் சரிபார்ப்பார். பார்த்துப் பார்த்தே தொழில் கற்ற நம் அண்ணன்மார்கள், மாமன்மார்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அந்தத் தாள்களை நிரப்பிக் கொடுக்கலாம்.

களங்கல் கிராமத்தில் அன்று அந்த வண்டியைப் பலர் பார்த்தார்கள். ஒருவர்தான் அதற்காக மூன்று ஆண்டுகள் எச்சில் மேசை துடைத்தார். நம் வீட்டிலும் பழைய சைக்கிளையோ பழுதான பம்பையோ பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்கலாம். அவனைத் திட்டுவதற்கு முன், மறுபடியும் பூட்டத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.